செம்பையும் வெள்ளியையும் அடுக்கி ஒட்ட எந்த வழி நல்லது?

மொகுமே கானே என்று ஜப்பானில் சொல்லும் அடுக்கு உலோகத்தை, அதாவது மரத்தின் ரேகை மாதிரி இரண்டு மூன்று நிறங்கள் வரிவரியாக ஓடும் தகட்டை, நம் ஊர்ப் பட்டறையில் செய்ய முடியுமா? முடியும். அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. தகடுகளுக்கு நடுவே பொடி, அதாவது தகட்டைவிடக் குறைந்த சூட்டில் உருகிப் பற்றவைக்கும் கலப்பு உலோகம், வைத்து ஊதி ஒட்டலாம். கரி உலையில் விளிம்பு வேர்க்கும்வரை காய்ச்சிப் பிடிக்க வைக்கலாம். போல்ட் போட்டு இறுக்கி, மின் உலையில் உருகாமலே ஒட்ட வைக்கலாம். இல்லையென்றால் யாரோ செய்து வைத்த தகட்டை வாங்கிக்கொள்ளலாம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் சின்ன நகைப் பட்டறையோ கத்திப் பட்டறையோ வைத்திருப்பவர் இதில் எதற்குப் பணம் போடுவது என்பதுதான் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டிய பிறகு அந்தக் கட்டியை எவ்வளவு அடிக்கப் போகிறீர்கள், செய்து முடித்த பொருள் எதைத் தொட்டுக்கொண்டு இருக்கப் போகிறது, இந்த இரண்டும் தெளிவானால் வழி தானாகத் தெரியும். உலை வாங்குவதில் தொடங்கினால் பணம்தான் வீணாகும்.

இந்த வேலை பிறந்ததே கத்தி, வாளின் துணைப்பாகங்களுக்காகத்தான். 1651 முதல் 1728 வரை வாழ்ந்த ஷோஅமி டென்பே என்ற அகிட்டா ஊர்க் கைவினைஞர்தான் இதை உருவாக்கியவர் என்று சொல்வார்கள். அலகுக்கும் பிடிக்கும் நடுவே வரும் தட்டு, உறையின் சின்ன உறுப்புகள் எல்லாம் இதில் செய்தார்கள். 1876-ல் ஜப்பானில் வாள் அணிந்து நடமாடத் தடை வந்ததும் கைவினைஞர்கள் பூச்சாடி, பெட்டி, அணிகலன் என்று திரும்பினார்கள். 1970களில் அமெரிக்க நகைக் கலைஞர்கள் இதைக் கற்றுக்கொண்டு போக, அப்புறம் உலகமெங்கும் மோதிரமாகவும் கத்திப் பூணாகவும் பரவியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உலைகளும் கல்மணி செய்த தடயங்களும் அகழாய்வில் கிடைத்தன. மண்குடுவையில் உருக்கிச் செய்த தென்னிந்தியாவின் மூசை உருக்கு உலகப் புகழ் பெற்றது. அதனால் "அடுக்கு உலோகம் நம்முடையதுதானே" என்று சிலர் கேட்பார்கள். மூசை உருக்கில் தெரியும் வரி, ஒரே கட்டி உருக்குக்குள் கரி சேர்ந்த துகள்கள் வரிசை கட்டுவதால் வருவது. அதில் தனித்தனித் தகடுகளை யாரும் அடுக்கவில்லை. கத்தி அலகுக்காக இரண்டு வகை உருக்கை அடுக்கி, வெங்காரம் தூவி, 1200 டிகிரிக்கு மேல் வெள்ளைச் சூட்டில் அடித்துச் சேர்ப்பது இன்னொரு தொழில். இந்தக் கட்டுரை செம்பு, பித்தளை, வெள்ளி போன்ற இரும்பல்லாத உலோகங்களைப் பற்றியது.

எந்த வழியில் போனாலும் உலோகத்தின் சூட்டுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். செம்பு 1085 டிகிரியில் உருகும், வெள்ளி 962-ல் உருகும். ஆனால் இரண்டும் தொட்டுக்கொண்டு இருந்தால் தொட்ட இடம் 779 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். வெள்ளி 72, செம்பு 28 என்ற விகிதத்தில் கலந்தது இரண்டையும்விடக் குறைந்த சூட்டில் உருகுவதுதான் காரணம். இந்த 779 என்ற எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம். கரி உலைக்காரருக்கு இது எட்ட வேண்டிய எண், மின் உலைக்காரருக்குத் தொடவே கூடாத எண்.

செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) மூன்றும் சேர்ந்த அடுக்கில் இந்தச் சிக்கல் இல்லை. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த 70-30 பித்தளை உருக ஆரம்பிக்கும் 915 டிகிரிதான் அங்கே உச்ச எல்லை. ஆனால் பித்தளை வாங்கும்போது கவனம் வேண்டும். லேத் கடைகளில் கிடைக்கும் பித்தளைக் கம்பியில், சுலபமாகக் கடைவதற்காக 3 சதவீதம் வரை ஈயம் இருக்கும். அதை அடித்தால் பிளந்துபோகும். தகடாக, ஈயம் இல்லாத 70-30 என்று கேட்டு வாங்குங்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். பித்தளையை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் நிச்சயம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பொடி வைத்து ஊதுவது நகை ஆசாரிகளுக்குப் புதிதல்ல. தகடுகளைச் சுத்தம் செய்து, வெங்காரம் தடவி, நடுவே வெள்ளிப் பொடியைப் பரப்பி ஊதினால் ஒரே மத்தியானத்தில் ஏழெட்டு அடுக்கு ஒட்டிவிடும். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். அதனாலேயே எல்லோரும் இதில்தான் தொடங்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் அடுக்கு உலோகத்தின் அழகு ஒட்டிய பிறகுதான் பிறக்கிறது. குடைந்து, அடித்து, தகடு மெஷினில் ஓட்டி, நடுநடுவே சூடு காட்டி இளக்கி, மறுபடி அடிக்கும்போதுதான் வரி வரும். சீக்கிரம் ஓடும் வகைப் பொடி 700 டிகிரிக்குள் உருகிவிடும். வெள்ளியை இளக்கும் சூடு 650 பக்கம். அதாவது ஒவ்வொரு முறை இளக்கும்போதும் ஒட்டுக்கு ஆபத்து. பொடி ஓடிய கோடு தகட்டை விட எளிதில் நொறுங்கக்கூடியது, வளைத்தால் அங்கேதான் விரியும். உள்ளே சிக்கிய வெங்காரம் பிறகு கொப்புளமாக எழும். செம்புக்கும் பித்தளைக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று கேட்காமலே வந்து நிற்கும்.

பொடி வைத்த அடுக்கு எதற்குமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். நாலைந்து தகடு ஒட்டி, விளிம்பை மட்டும் பட்டையாகக் காட்டும் டாலருக்கும் சட்டைப் பொத்தானுக்கும் அது போதும். ஒட்டிய பிறகு அரத்தைத் தவிர வேறெதுவும் அதைத் தொடக்கூடாது. காட்மியம் கலந்த பழைய பொடி இன்னும் எங்காவது மிச்சமிருந்தால் அதை எடுக்க வேண்டாம். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பரப்பும் பொடியின் அளவு, சாதாரண நகையில் வைப்பதைவிடப் பல மடங்கு. புகையும் அப்படியே கூடும்.

கரி உலைதான் ஜப்பானின் மூல வழி. அடுக்கிய தகடுகளை இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவே கம்பியாலோ கிளாம்பாலோ இறுக்கி, கரிக்கு நடுவே புதைத்து, மெல்லக் காற்று விட்டு ஏற்ற வேண்டும். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்த்தொட்டிக் கரி தாராளமாகக் கிடைக்கும். கரி நெருப்பு சுற்றியிருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் தகட்டில் கறுப்பு படிவது குறையும். வேலையை வெயில் தாழ்ந்த பிறகு, கொஞ்சம் இருட்டில் செய்ய வேண்டும். அப்போதுதான் சிவப்பின் பதம் கண்ணுக்குத் தெரியும். செம்பும் வெள்ளியும் என்றால் விளிம்பில் எண்ணெய் தடவியது போன்ற ஒரு பளபளப்பு ஓடும். அதுதான் வேர்ப்பது. அந்த நொடியில் காற்றை நிறுத்தி, கட்டியை வெளியே எடுத்து அழுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் வெள்ளி செம்பைத் தின்ன ஆரம்பித்து, மெல்லிய அடுக்குகள் கரைந்து, கடைசியில் நிறமில்லாத ஒரு கட்டிதான் கையில் மிஞ்சும்.

இந்த வழியின் பலம், ஒட்டு உறுதியாக இருப்பது. உருகிய உலோகம் நடுவே ஓடி உறைவதால், நன்றாகப் பிடித்த கட்டி சூட்டோடு அடிப்பதைத் தாங்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். பலவீனம், முழுக்கக் கண்ணை நம்பியது. அடுத்த முறை அதே மாதிரி வரும் என்று யாருக்கும் உறுதி தர முடியாது. ஒரே மாதிரி இரண்டு மோதிரம், கல்யாண ஜோடிக்கு என்று ஆர்டர் எடுப்பவருக்கு இது தலைவலி. ஒற்றைக் கத்திக்கு ஒற்றைப் பூண் செய்பவருக்கு இதைவிடச் சந்தோஷமான வழி இல்லை. கொல்லுப்பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் அடுக்கை இந்த உலையில் தயங்காமல் செய்யலாம். உலோகம் மலிவு. கெட்டுப்போனால் மனம் கொஞ்சம் வலிக்கும், பை வலிக்காது.

மூன்றாவது வழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இந்த ஊர்களில் இருக்கும் வசதிக்கு அதுதான் மிகப் பொருத்தம் என்று நம்புகிறேன். இதில் உலோகம் உருகுவதே இல்லை. சுத்தமான இரண்டு தகடுகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, போதுமான சூட்டில், போதுமான நேரம் இருந்தால், ஒன்றின் அணுக்கள் இன்னொன்றுக்குள் நகர்ந்து எல்லைக்கோடு ஒன்றாகிவிடும். செம்பு, வெள்ளிக்கு 730 முதல் 760 டிகிரி வரை வைத்து, ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். ராத்திரி முழுக்க விடுபவர்கள்தான் அதிகம்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது அழகான விஷயம். சூட்டில் சாதாரண இரும்பு விரிவதைவிடச் செம்பு ஒன்றரை மடங்கு அளவுக்கு விரியும், வெள்ளி அதற்கும் மேல். தகடுகளை இரண்டு கனமான இரும்புப் பிளேட்டுக்கு நடுவே வைத்து மைல்டு ஸ்டீல் போல்ட்டால் இறுக்கினால், உலை சூடேற ஏற உள்ளே இருக்கும் அடுக்கு விரியப் பார்க்கும், போல்ட் விடாது. அழுத்தம் தானாகக் கூடும். இங்கேதான் பலர் துருப்பிடிக்காதே என்று எவர்சில்வர் போல்ட் போடுகிறார்கள். 304 வகை எவர்சில்வர் கிட்டத்தட்டச் செம்பு அளவுக்கே விரியும், அழுத்தம் வராது. சாதாரண இரும்பு போல்ட்டே போடுங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அந்தச் சூட்டில் அது நீண்டுவிடும்.

பிளேட்டின் முகம் தட்டையாக இருக்க வேண்டும். கோவையில் கணபதி, குறிச்சி பக்கம் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து தருபவர்களிடம் கொடுத்தால் சின்ன ஜாப் ஒர்க்காக முடிந்துவிடும். பிளேட்டில் உலோகம் ஒட்டாமலிருக்க, வார்ப்படப் பட்டறைகளில் பூசும் கிராஃபைட் கரைசலே போதும். அடுக்கை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, சுற்றித் தொட்டிக்கரித் தூளை நிரப்பி மூடினால் காற்றுப் பிரச்சினையும் முடிந்தது. கரி உள்ளே எரிவதால் அறையில் காற்றோட்டம் கட்டாயம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

உலையின் சூடுமானியை அப்படியே நம்ப வேண்டாம். சாதாரண கே வகைத் தெர்மோகப்பிள் 750-ல் ஐந்தாறு டிகிரி கூடக் குறையக் காட்டுவது அதன் தரத்துக்குள்ளேயே அடங்கும். உலையின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வித்தியாசம் அதைவிட அதிகம். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. செம்புத் துண்டின்மேல் சுத்தமான வெள்ளித் துணுக்கு ஒன்றை வைத்து, கட்டி உட்காரப்போகும் அதே இடத்தில் வைத்து மெல்ல ஏற்றுங்கள். துணுக்கு உருகி ஓடும்போது அங்கே உண்மையான சூடு 779. மீட்டர் அப்போது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அதிலிருந்து 30 டிகிரி குறைத்து ஓட்டினால் பயமில்லை.

சொந்தமாக உலை வாங்காமல், ஹீட் ட்ரீட்மென்ட் (உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்துவது) செய்யும் இடத்தில் கொடுத்து வாங்கலாமா? செம்பும் வெள்ளியும் என்றால் தாராளமாகக் கேட்கலாம். சூடு சீராக இருக்கும், செலவும் குறையும். ஆனால் அவர்களுடைய வேக்குவம் உலையில் பித்தளையையோ ஜெர்மன் சில்வரையோ வைக்கச் சொல்லாதீர்கள். இரண்டிலும் துத்தநாகம் உண்டு. வெற்றிடத்தில் அது ஆவியாகி உலையின் உட்புறம் முழுக்கப் படிந்துவிடும். என்ன உலோகம் என்று மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஒட்டு நிற்பதும் போவதும் சுத்தத்தில்தான். தகடுகளைத் தட்டையாக்கி, ஈரத்தோடு எமரி தாளில் தேய்த்து, திராவகத்தில் போட்டு எடுத்துக் கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக நிற்காமல் தகடு முழுக்கப் பரவி ஓட வேண்டும். சொட்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வெறும் விரல் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

விலைக்கு வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மொகுமே தகடு அமெரிக்கா, ஜப்பானிலிருந்து வரும். ஸ்வீடனின் டமாஸ்டீல் நிறுவனம் பொடி உலோக முறையில் செய்யும் துருப்பிடிக்காத வரி உருக்கும் கிடைக்கும். கூரியரும் சுங்கமும் சேர்ந்தால் விலை கைமீறும், வரியும் அவர்கள் இஷ்டம்தான். இரண்டு மூன்று பொருள் செய்து வாடிக்கையாளர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்க்க மட்டும் வாங்கலாம்.

இனி அந்தப் பொருள் எதைத் தொட்டுக்கொண்டு இருக்கும் என்ற கேள்வி. நம் ஊர் வெயிலில் விரல் வேர்க்காத நாள் குறைவு. வேர்வையின் உப்பு நடுவே இருந்தால் செம்பும் வெள்ளியும் ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும், அரிபடுவது எப்போதும் செம்புதான். செம்பு, வெள்ளி அடுக்கு மோதிரத்தை நாள்தோறும் போட்டால் விரலில் பச்சை படியும். கொஞ்ச காலத்தில் செம்பு வரி பள்ளமாகி, வெள்ளி வரி மேடாகத் தனியே தெரியும். மெட்டிக்கு இது இன்னும் மோசம், காலில் ஈரம் காய்வதே இல்லை. மோதிரத்துக்கும் மெட்டிக்கும் என்றால் தங்கம், பல்லேடியம், வெள்ளி என்று உயர் உலோகங்களையே சேர்க்க வேண்டும். அல்லது உட்புறம் முழுக்க வெள்ளியிலோ தங்கத்திலோ ஒரு வளையம் வைத்து, அடுக்கை வெளியே மட்டும் காட்ட வேண்டும். டாலர், ஜிமிக்கி, தோட்டின் முகப்பு இவற்றுக்குச் செம்பு அடுக்கு தாராளமாக ஆகும். காதுக்குள் போகும் தண்டு மட்டும் தங்கமாகவோ வெள்ளியாகவோ இருக்கட்டும். ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது, நிக்கல்தான் இருக்கிறது. நிக்கல் ஒவ்வாத தோலில் அது அரிப்பைக் கிளப்பும். அதனால் அதை உடம்பில் படும் நகைக்கு எடுக்கவே வேண்டாம்.

கத்திப் பூணில் இந்தக் கவலை பாதிக்குமேல் இல்லை. அங்கே ஜெர்மன் சில்வர் அருமையான உலோகம், உறுதி, பளபளப்பு, மலிவு. சமையல் கத்திக்கு மட்டும் யோசிக்க வேண்டும். புளியும் எலுமிச்சையும் படும் இடத்தில் செம்பும் பித்தளையும் களிம்பு ஏறும் என்பது பித்தளைப் பாத்திரம் புழங்கிய வீட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்சிக்கு வைக்கும் கத்தி, மடக்குக் கத்தி, வேட்டைக்கத்தி மாதிரி வடிவங்களுக்குத் தாராளமாகப் போடலாம். பூணை அலகில் மாட்டுவது, அலகுக்குப் பதம் ஏற்றி முடித்த பிறகுதான். கார்பன் உருக்கைக் கடினமாக்க 800 டிகிரிக்கு மேல் காய்ச்ச வேண்டும், செம்பு, வெள்ளி அடுக்கு அதில் ஓடியே போய்விடும். மாட்டும்போது ஊதி ஒட்டாமல், ஆணி அடித்து எப்பாக்சியால் பிடிக்க வைப்பது நல்லது. உருக்கும் செம்பும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் உருக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும், எப்பாக்சி அந்த இடைவெளியையும் அடைத்துவிடும்.

செலவைக் கணக்கிடும்போது உலையின் விலையைவிடச் சேதாரத்தைப் பாருங்கள். 50-க்கு 25 மில்லிமீட்டரில், 1 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு வெள்ளித் தகடு 13 கிராம். அப்படி எட்டுத் தகடு என்றால் வெள்ளி மட்டும் 105 கிராம் போல. விளிம்பு விரிசலை அறுத்து எறிவது, வரி வருவதற்காகக் குடைவது, அராவிச் சமமாக்குவது என்று மூன்றில் ஒரு பங்காவது தூளாகப் போகும், வரி நுணுக்கமானால் பாதியும் போகும். அந்தத் தூளில் செம்பும் வெள்ளியும் கலந்தே கிடக்கும், சுத்திகரிக்கக் கொடுத்தால்தான் வெள்ளி திரும்பும். பட்டறைத் தூளைத் தனி டப்பாவில் சேருங்கள், தங்க வேலைத் தூளோடு கலக்கவே விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், கத்தி மட்டும் செய்பவர் கரி உலையில் செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் அடுக்கோடு நிற்கட்டும். பழைய 20 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று கிடைத்தால், சுத்தியலால் அடிப்பதைவிட அதில் அழுத்துவது அடுக்குக்கு நல்லது. சுத்தியல் அடி சாய்ந்தால் அடுக்கு பக்கவாட்டில் நழுவும், பிரஸ் நேராக இறங்கும். நகை செய்பவர் மின் உலைக்கே போகட்டும், முதல் கட்டியை மட்டும் ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் ஓட்டிப் பார்க்கட்டும். சேலம் கொலுசுப் பட்டறைக்காரர்களிடம் வெள்ளித் தகடும் தகடு ஓட்டும் மெஷினும் ஏற்கெனவே இருப்பதால், அவர்களுக்கு இதில் இறங்கச் செலவு மிகக் குறைவு. இரண்டும் செய்ய ஆசைப்படுபவர் மின் உலை ஒன்றை மட்டும் வாங்கினால் போதும், கரி உலை செய்வதையும் அது செய்யும். பொடி வைத்து ஒட்டுவதை இவர்கள் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன், பட்டை டாலர் செய்பவருக்கு மட்டும் விதிவிலக்கு.

தங்க அடுக்கில் ஆர்டர் எடுக்கும் முன் ஒன்றைப் பேசிவிட வேண்டும். நம் ஊரில் நகை வாங்குபவர் மனதில் அதைத் திருப்பி விற்கும் நாளும் சேர்ந்தே இருக்கும். அடுக்கு மோதிரத்தை எந்தக் கடையிலும் 22 காரட் என்று எடை போட்டு எடுக்க மாட்டார்கள், உருக்கிப் பிரித்தால்தான் உள்ளே இருக்கும் தங்கத்துக்கு விலை. அதனால் எந்தத் தரத் தங்கம் எத்தனை கிராம், வெள்ளி எத்தனை கிராம், செய்கூலி எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாக எழுதி, "அடுக்கு உலோகம், பழைய நகையாக மாற்ற இயலாது" என்று ஒரு வரியும் சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே தகட்டை வெட்டுங்கள்.